செக்ரோல் கணக்கு சரி, திரைதான் கோணல்: சி நிரலின் வெளியீட்டுப் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் சி மொழி படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குச் செக்ரோல் கணக்கைவிட, அதாவது தோட்டத்து ஆள்களின் கூலிப் பதிவேட்டைவிடத் தோதான பயிற்சி கிடையாது. ஆளின் பெயர், வெட்டிய செம்பனைக் குலை எத்தனை, எடை எத்தனை கிலோ, கிலோவுக்கு எத்தனை சென், கடைசியில் கூலி. நாற்பது வரியில் முடிந்துவிடும். கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திரையில் வருவதுதான் கோணலாக வரும்: கேள்வி தெரியாது, பெயர் புரியாத குறிகளாக நிற்கும், 22.89 வரவேண்டிய இடத்தில் 22.00 வரும். உடனே போய்க் கணக்கு வரிகளைக் கலைத்துவிட்டால் ஒரு பிழை இரண்டாகும். பிழை கணக்கில் இருக்கிறதா, கணக்குக்கும் திரைக்கும் நடுவில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். %டி என்பது முழு எண்ணுக்கான குறி, \என் என்பது புதுவரி.

எதையும் தொடுவதற்கு முன்

ஓடுவது நீங்கள் இப்போது திருத்திய நிரல்தானா? கோடு பிளாக்ஸ் என்னும் நிரலெழுது செயலியில் கன்ட்ரோல்+எஃப்10 அடித்தால் ஏற்கெனவே இருக்கும் நிரல்தான் ஓடும். எஃப்9 அடித்தால்தான் கம்பைல் செய்து ஓட்டும். பழைய கறுப்புச் சன்னலை மூடாமல் வைத்திருந்தால் புதிய கோப்பை எழுத முடியாமல் 'பெர்மிஷன் டினைட்' என்று லிங்கர் (கம்பைலின் கடைசிக் கட்டம்) நின்றுவிடும். கீழே வந்த அந்த வரியைக் கவனிக்காமல் பழைய நிரலையே மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஐயம் இருந்தால் முதல் பிரிண்ட்எஃப் வரியில் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்துப் பாருங்கள். திரையில் அது வரவில்லையென்றால் மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டாம்.

அடுத்து எச்சரிக்கைகளைத் திறந்து வையுங்கள்: ஜிசிசி கம்பைலர் என்றால் -வால் -வெக்ஸ்ட்ரா இரண்டும். கீழே வரும் பிழைகளில் பாதியைக் கம்பைலரே வரி எண்ணோடு சொல்லிவிடும்.

மூன்றாவது, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் சோதனை. கமாண்ட் பிராம்ப்டில் நிரலின் பெயர், ஒரு > குறி, கோப்பின் பெயர். கேள்விகள் திரையில் தெரியாது. பதில்களை வரிசைப்படி குருட்டாம்போக்கில் தட்ட வேண்டும். கோப்பில் சரியாக இருந்து திரையில் மட்டும் கோணல் என்றால் குற்றம் கன்சோலுடையது, அதாவது கறுப்புச் சன்னலுடையது. கோப்பிலும் கோணல் என்றால் நிரலுடையது. கோப்பில் பாதிதான் இருக்கிறது என்றால் காரணம் பஃபர், அதாவது வெளியீடு வெளியே போகுமுன் தங்கும் இடம்.

"கேள்வி தெரியவில்லை, பதில் தட்டியபின் எல்லாம் மொத்தமாகக் கொட்டுகிறது"

பால்மரக் காட்டில் ஒவ்வொரு கோப்பையையும் தூக்கிக்கொண்டு யாரும் ஸ்டோருக்கு ஓடுவதில்லை. வாளியில் ஊற்றிக்கொண்டே போய், நிறைந்தபிறகுதான் தூக்குவார்கள். பிரிண்ட்எஃப்பும் அப்படித்தான். எழுத்துகளை நேரே திரைக்கு அனுப்புவதில்லை. பஃபர் என்னும் வாளியில் ஊற்றுகிறது. வாளி எப்போது கவிழும் என்பது எஸ்டிடிஅவுட் (நிரலின் வழக்கமான வெளியீட்டு வழி) எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது. லினக்ஸ் டெர்மினல் என்றால் வரிக்கு ஒருமுறை, அதாவது \என் வரும்போது. கோப்பு அல்லது பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்) என்றால் வாளி நிறைந்தால்தான். கொள்ளளவு பெரும்பாலும் 4096 பைட். உங்கள் செக்ரோல் நிரலின் மொத்த வெளியீடே முந்நூறு பைட் தேறாது. ஆகவே நிரல் முடியும்வரை ஒன்றும் வராது.

விண்டோஸின் கறுப்புச் சன்னலில் இந்தத் தொல்லை தெரியாது, எழுத எழுத வந்துவிடும். அதே நிரலை எக்லிப்ஸின் கன்சோல் பலகையிலோ கிட் பாஷ் சன்னலிலோ ஓட்டினால் தெரியும். பார்வைக்குத் திரை மாதிரி இருந்தாலும் நிரலின் கண்ணுக்கு அவை பைப். 'வீட்டில் சரியாக இருந்தது, வகுப்பில் ஓட்டினால் வரவில்லை' என்ற புகார்களில் பல இந்த வகைதான்.

கேள்வி கேட்கும் ஒவ்வொரு பிரிண்ட்எஃப்புக்குப் பின்னும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்:

பிரிண்ட்எஃப்("எடை (கிலோ): ");
எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஅவுட்);

பத்து இடத்தில் எழுதச் சோம்பலாக இருந்தால் மெயினின் முதல் வரியாக ஒரே ஒருமுறை:

செட்விபஃப்(எஸ்டிடிஅவுட், நல், _ஐஓஎன்பிஎஃப், 0);

இதற்கு முன்னால் ஒரு பிரிண்ட்எஃப்கூட இருக்கக் கூடாது. வாளியில் ஏதாவது ஊற்றியபின் வாளியை மாற்ற முடியாது. வரிக்கு வரி அனுப்பும் _ஐஓஎல்பிஎஃப் அழகான தேர்வுபோலத் தோன்றும். மைக்ரோசாஃப்ட் நூலகத்தில் அது முழு பஃபருக்குச் சமம், அங்கே அதை நம்பாதீர்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு: 'காத்திருக்கவும்' என்று எழுதி, நொடிக்கு ஒரு புள்ளி அச்சிடும் சுற்று. லினக்ஸில் பத்து நொடி ஒன்றும் வராது, பிறகு பத்துப் புள்ளியும் ஒரே சமயத்தில் குதிக்கும். மருந்தும் அதே எஃப்ஃப்ளஷ்தான்.

"நிரல் நடுவில் சாகிறது, ஆனால் நான் வைத்த அடையாள வரி வரவே இல்லை"

மேலே சொன்னதன் ஆபத்தான முகம் இது. நிரல் எங்கே சாகிறது என்று பார்க்க 'படி 1', 'படி 2', 'படி 3' என்று பிரிண்ட்எஃப் வைக்கிறீர்கள். 'படி 1' வரை வந்து நிற்கிறது. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் மணிக்கணக்கில் தேடுவீர்கள். உண்மையில் நிரல் படி மூன்றையும் தாண்டிப் போய்ச் செத்திருக்கும். மற்ற வரிகள் வாளியோடு சேர்ந்து கவிழ்ந்திருக்கும். மெயின் முறையாக முடிந்தாலோ எக்ஸிட் கூப்பிட்டாலோ மிச்சம் இருப்பது வெளியே வரும். செக்மென்டேஷன் ஃபால்ட்டில் வராது. _எக்ஸிட் கூப்பிட்டாலும் வராது.

அடையாள வரிகளைப் பிழைச் செய்திகளுக்கான தனி வழியான எஸ்டிடிஎருக்கு எழுதுங்கள்: எஃப்பிரிண்ட்எஃப்(எஸ்டிடிஎர், "படி 2\என்"), அதற்கு வாளி கிடையாது, சொன்னது உடனே போகும். ஆனால் எஸ்டிடிஎர் வரியும் எஸ்டிடிஅவுட் வரியும் திரையில் முன்பின்னாக வரலாம். வரிசை மாறியதை வைத்து நிரலின் போக்கை ஊகிக்காதீர்கள்.

"திரையில் ஒருமுறை, கோப்பில் இரண்டுமுறை"

ஃபோர்க் (ஓடும் நிரலை இரண்டு செயல்முறையாக்கும் அழைப்பு) உள்ள நிரலில் மட்டும் வரும். கோப்புக்குத் திருப்பும்போது ஃபோர்க்குக்கு முன் அச்சிட்டது இன்னும் வாளியில் இருக்கிறது. பிள்ளைச் செயல்முறைக்கு வாளியும் நகலாகிறது. இருவரும் தனித்தனியே கவிழ்க்கிறார்கள். ஃபோர்க்குக்கு முந்திய வரியில் எஃப்ஃப்ளஷ் போடுங்கள்.

"சன்னல் பளிச்சென்று தோன்றி மூடிக்கொள்கிறது"

நிரல் ஒழுங்காக ஓடி முடிந்துவிட்டது, அவ்வளவுதான். கோப்பின் மேல் இரட்டைச் சொடுக்குப் போடாமல் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அங்கிருந்து ஓட்டுங்கள். கடைசியில் கெட்சார் வைத்தும் மூடிக்கொண்டால், முன்பு ஸ்கேன்எஃப் விட்டுப்போன என்டரை அது விழுங்கிவிட்டது என்று பொருள்.

"கேள்வியைத் தாண்டிப் போகிறது" அல்லது "நிற்காமல் ஓடுகிறது"

திரையில் தெரியும் கோணல்தான், ஆனால் காரணம் உள்ளீட்டில். குலை எண்ணிக்கையை %டி கொண்டு வாங்கியபின் 'இன்னும் ஆள் உண்டா, ஆம்/இல்லை' என்று %சி கொண்டு ஓர் எழுத்து கேட்கிறீர்கள். 18 என்று தட்டி அடித்த என்டர் இன்னும் வரிசையில் நிற்கிறது. %சி அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறது. %சிக்கு முன்னால் மேற்கோளுக்குள்ளேயே ஓர் இடைவெளி விடுங்கள்: " %சி". அந்த இடைவெளி என்டர், டேப், வெற்றிடம் எல்லாவற்றையும் கழித்துவிடும்.

இதற்கு நேர்மாறானது: எண்ணைத் தட்டியபிறகும் நகராமல், இன்னோர் எண்ணைத் தட்டினால்தான் நகர்வது. ஸ்கேன்எஃப்பின் மேற்கோளுக்குள் "%டி\என்" என்று எழுதியிருப்பீர்கள். அங்கே \என் என்றால் 'வெற்றிடம் அல்லாத எழுத்து ஒன்று வரும்வரை படி' என்று பொருள். எடுத்துவிடுங்கள்.

நிற்காமல் ஓடுவது வேறு. எடை கேட்டால் யாராவது 412 என்பதோடு 'கிலோ'வையும் சேர்த்துத் தட்டுவார்கள். %டி 412ஐ எடுத்துக்கொள்ளும். பின்னால் உள்ள எழுத்துகள் அங்கேயே கிடக்கும். அடுத்த %டி அவற்றைப் பார்க்கும், எண் இல்லை என்று திரும்பிவிடும், எதையும் எடுக்காது. அடுத்த சுற்றிலும் அதே கதை. கன்ட்ரோல்+சி அடித்து நிறுத்துங்கள். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் மதிப்பு 1தானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இல்லையென்றால் கெட்சாரைச் சுற்றில் வைத்து என்டரோ இஓஎஃப்போ (உள்ளீட்டின் முடிவு) வரும்வரை கழித்துவிட்டு மறுபடி கேளுங்கள். அந்தச் சுற்றின் மாறி சார் அல்ல, இன்ட். எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்) என்று பழைய குறிப்புகளில் இருக்கும். சி தரம் அதற்குப் பொருளே வகுக்கவில்லை. ஒரு கம்பைலரில் வேலை செய்யும், இன்னொன்றில் கைவிடும்.

"எண்கள் விசித்திரமாக வருகின்றன"

ஊழியர் சேமநிதிப் பிடித்தத்தை மலாயில் அச்சிட "11% டாரிபாட காஜி" என்று எழுதிப் பாருங்கள். திரையில் 11, அதை ஒட்டி ஏதோ ஒரு பெரிய எண், பிறகு 'ஆரிபாட காஜி' என்று வரும். டாரிபாடவின் தலையெழுத்து எங்கே போனது? விழுக்காட்டுக்குறி, ஓர் இடைவெளி, டி: இந்த மூன்றும் சேர்ந்தால் பிரிண்ட்எஃப்புக்கு அது 'முழு எண் ஒன்றைப் போடு' என்ற செல்லுபடியான கட்டளை. எண் எதையும் நீங்கள் கொடுக்கவில்லை. கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டது. விழுக்காட்டுக்குறியை அச்சிட %% என்று இரண்டு போட வேண்டும். பயனர் தட்டிய பெயரை நேரே பிரிண்ட்எஃப்(பெயர்) என்று அச்சிடக் கூடாது என்பதும் இதனால்தான். "%எஸ்" போட்டு அச்சிடுங்கள்.

குறியும் மாறியும் பொருந்தாவிட்டாலும் இதே கூத்து. டபுள் மாறியில் உள்ள 3.5ஐ %டி கொண்டு அச்சிட்டால் 64-பிட் விண்டோஸில் 0 வரும். லினக்ஸில் ஓட்டத்துக்கு ஓர் எண் வரக்கூடும், ஏனெனில் அங்கே தசம எண்ணும் முழு எண்ணும் வெவ்வேறு ரெஜிஸ்டரில் பயணிக்கின்றன, %டி தனக்குரியதில் கிடந்த பழையதைப் படிக்கிறது. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இன்னொன்று: பிரிண்ட்எஃப்பில் டபுளுக்கு %எஃப் போதும், ஸ்கேன்எஃப்பில் %எல்எஃப் கட்டாயம். %எஃப் போட்டால் எட்டு பைட் பெட்டியில் நாலு பைட்டை மட்டும் நிரப்பிவிட்டு வந்துவிடும். விண்டோஸுக்கான ஜிசிசியான மிங்-ஜிடபிள்யூவில் லாங் டபுள் தாறுமாறாக வந்தால் டபுளுக்கு மாறுங்கள். கம்பைலர் ஓர் அளவில் கொடுக்க, பழைய மைக்ரோசாஃப்ட் நூலகம் வேறு அளவில் வாங்குகிறது.

22.00க்கு வருவோம். 412 கிலோ, 18 குலை. ஒரு குலையின் சராசரி எடைக்கான மாறி டபுளாகவே இருந்தாலும், 412/18 என்பது இரண்டு முழு எண்களின் வகுத்தல். 22 என்று வெட்டுப்பட்டபிறகுதான் டபுளுக்குள் போகிறது. ஒரு பக்கத்தையாவது முதலில் டபுளாக்குங்கள்: (டபுள்)எடை / குலை. அப்போது 22.89.

ரிங்கிட்டைத் தசமத்தில் வைத்திருந்தால் ஒரு சென் காணாமல் போகும். 19.99ஐ 100ஆல் பெருக்கி இன்ட்டில் போட்டால் 1998. இருமத்தில் 19.99ஐத் துல்லியமாக எழுத முடியாது, பெருக்கிய விடை 1999க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது, இன்ட் அதை வெட்டிவிடுகிறது. தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் சென்னில் முழு எண்ணாக வைப்பது உத்தமம், அச்சிடும்போது மட்டும் சென்/100, சென்%100 என்று பிரித்து "%டி.%02டி". மளிகைக் கடை ரசீது நிரல் என்றால் ரொக்கத் தொகையை 5 சென்னுக்குத் திருத்தும் முறை 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முழு எண்ணில் (சென்+2)/5*5 என்ற ஒரே வரியில் அது முடிந்துவிடும். வெட்டுப்படும் வகுத்தல் இங்கே மட்டும் நமக்கு உதவுகிறது.

"தமிழ்ப் பெயர் தமிழாக வரவில்லை"

என்ன வருகிறது என்பதை உற்றுப் பாருங்கள், மூன்று வகை உண்டு.

கேள்விக்குறிகள் வந்தால் நோய் நிரல் கோப்பிலேயே. கோப்பை 'ஆன்சி' என்று சேமித்திருக்கிறீர்கள். தமிழ் அப்போதே தொலைந்துவிட்டது. முரசு அஞ்சலில் தட்டினாலும் விண்டோஸ் விசைப்பலகையில் தட்டினாலும் சேமிப்பது யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். பெயர்களை மறுபடி தட்டத்தான் வேண்டும்.

கிரேக்க ஆல்ஃபா, அதன் பின் இரட்டை அம்புமுனை, அதன் பின் இன்னொரு குறி என்று மும்மூன்றாக வந்தால் நல்ல செய்தி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. 437ஆம் கோடுபேஜில் (கன்சோலின் பழைய எழுத்து அட்டவணை) அந்தப் பைட்டின் முகம்தான் ஆல்ஃபா. தரவு கெடவில்லை, கன்சோல் வேறு அகராதியை வைத்துப் படிக்கிறது. நிரலை ஓட்டுமுன் 'சிஎச்சிபி 65001' என்று தட்டுங்கள். அல்லது விண்டோஸ் ஹெடரைச் சேர்த்து மெயினின் தொடக்கத்தில் செட்கன்சோல்அவுட்புட்சிபி(65001).

பெட்டிகள் வந்தால் எழுத்துரு இல்லை. பழைய கன்சோலோடு மல்லுக்கட்டாமல் விண்டோஸ் டெர்மினலில் ஓட்டுங்கள். அங்கும் கட்டத்துக்குள் எழுத்தை அடைப்பதால் கொம்பும் காலும் தள்ளி நிற்கக்கூடும், நிரலில் தவறில்லை. கோப்புக்குத் திருப்பி நோட்பேடில் திறந்தால் சரியாகவே இருக்கும்.

எழுத்து சரியாக வந்தபிறகு பத்தி கோணும். "%-20எஸ்" என்பது இருபது எழுத்தல்ல, இருபது பைட். 'ராமு' என்பது நாலு குறி, 12 பைட். எட்டு வெற்றிடம் சேரும். 'முனியம்மா' ஒன்பது குறி, 27 பைட். ஒரு வெற்றிடமும் சேராது. அதைவிட மோசம், பெயருக்கு சார் பெயர்[20] என்று இடம் ஒதுக்கியிருந்தால் முனியம்மா அடுத்த மாறியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். முடிவுக்குறியோடு 28 பைட் வேண்டும். 100 ஒதுக்குங்கள், கணினிக்கு அது ஒன்றும் பாரமில்லை. "%.10எஸ்" என்று வெட்டினால் நாலாவது குறியின் முதல் பைட்டோடு அறுந்து, கடைசியில் ஒரு கறுப்புக் கேள்விக்குறி தொங்கும். பத்தி நேராக வர எளிய வழி: எண்களை முன்னால் போட்டுப் பெயரைக் கடைசிப் பத்தியாக வையுங்கள். பின்னால் எதுவும் இல்லையென்றால் கோணவும் எதுவுமில்லை.

"வரியின் தலை தின்னப்படுகிறது"

ஆபீஸ் கிராணியின் எக்செல் தாளைச் சிஎஸ்வியாக வாங்கி, லினக்ஸில் எஃப்கெட்ஸ் கொண்டு படிக்கும்போது வரும். கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க, பெயரைச் சதுர அடைப்புக்குள் அச்சிடுங்கள்: "பெயர்: [%எஸ்]\என்". மூடும் அடைப்பு அடுத்த வரியில் வந்தால், எஃப்கெட்ஸ் என்டரையும் சேர்த்தே வைத்திருக்கிறது. என்டரை மட்டும் நீக்கியபிறகும் மூடும் அடைப்பு வரியின் தொடக்கத்தில், முதல் எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தால், பெயரின் வாலில் \ஆர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் வரியை \ஆர்\என் என்று முடிக்கிறது. \ஆர் வந்தால் கர்சர் வரியின் தலைக்கு ஓடும், அடுத்து வருவது அதன் மேலேயே எழுதப்படும். 'கேட் -ஏ' கட்டளையில் கோப்பைப் பார்த்தால் வரி முடிவில் ^எம் தெரியும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி:

வரி[எஸ்டிஆர்சிஎஸ்பிஎன்(வரி, "\ஆர்\என்")] = 0;

அதன்பிறகும் பட்டியலின் முதல் பெயர் மட்டும் எதனோடும் பொருந்தவில்லை, மற்றவை எல்லாம் பொருந்துகின்றன என்றால், எக்செல் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் வைக்கும் மூன்று பைட் அடையாளம்தான் காரணம். திரையில் தெரியாது, எஸ்டிஆர்லென் கேட்டுப் பாருங்கள், ராமுவுக்கு 12க்குப் பதில் 15 சொல்லும். முதல் வரிக்கு மட்டும் அந்த மூன்று பைட்டைத் தாண்டிப் படியுங்கள்.